எரித்த கையே கொண்டுவரட்டும்

பொறந்த வீட்டுப் பொங்கல் வரிசையை வாசலோடு திருப்பி அனுப்பிய பொம்பளை யார் என்று பெருமுக்கல் பக்கம் கேட்டுப் பாருங்கள், தைலம்மாள் வீட்டைக் கைகாட்டுவார்கள். காட்டட்டும். அதற்காக அவள் ஒரு நாளும் தலை குனிந்ததில்லை. கரும்பு, பச்சரிசி, வெல்லம், புதுப்பானை, தேங்காய், புடவை என்று ஒரு குட்டியானை வண்டி நிறைய அண்ணன் கொண்டுவந்து இறக்கினான். மஞ்சள் கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுபடி வண்டியில் ஏற்றச் சொன்னவள் அவள். மஞ்சளை மட்டும் ஏன் எடுத்தாள் என்றால், தாலி கட்டிய ஆதிநாராயணன் எதிரில் நிற்கிறார். தாய்வீட்டு மஞ்சளை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? கோபம் வேறு, மஞ்சள் வேறு.

எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா? காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரும் சிரித்தது. ஒரு கதைப் புத்தகத்துக்காக. அதுவும் பள்ளிக்கூடப் பெண்கள் படிக்கிற துப்பறியும் கதை.

தைலம்மாள் பிறந்தது அனந்தபுரத்துக்குப் பக்கத்தில். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் விளைகிற மேட்டு நிலம், ஒரு கிணறு, ஒரு ஆயில் இன்ஜின், ஒரே அண்ணன் துரைக்கண்ணு. அப்பா மல்லாட்டை மூட்டையோடு விழுப்புரம் மண்டிக்குப் போய்த் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் மகளுக்கு ஒரு புத்தகம் வாங்கி வருவார். 'துப்பறியும் மீனலோசனி' என்று ஒரு வரிசை அப்போது வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, மட்டமான தாள், அட்டையில் மட்டும் கண்ணைப் பறிக்கிற கலர். மீனலோசனி ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். ரெட்டைச் சடை, பாவாடை தாவணி, அப்பாவின் பழைய சைக்கிள். காணாமல் போன நகையையும் கள்ளச் சாவியையும் அவள் கண்டுபிடித்து முடித்த பிறகு, கடைசி அத்தியாயத்தில் போலீஸ்காரர்கள் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். எட்டாங் கிளாஸ் தைலம்மாளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு பொட்டைப்பிள்ளை வாயைத் திறக்கிறாள், பெரிய மனுஷங்க காது கொடுத்துக் கேட்கிறார்கள். அது அவள் வீட்டில் நடக்காத அதிசயம்.

அவள் தனியாகவும் படிக்கவில்லை. வீட்டுக்கு மல்லாட்டை உடைக்க வருகிற வீரம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதைப் பசி அசுரப் பசி. தைலம்மாள் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள், வீரம்மாள் உடைத்துக்கொண்டே கேட்பாள். இடையிடையே நிறுத்தி, இவன்தான் திருடன், எனக்குத் தெரியும், இவன் முழியே சரியில்லை என்பாள். பத்துப் புத்தகத்தில் ஒன்பதில் அவள் சொன்னவன் திருடன் இல்லை. அதற்காக அவள் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

பதினோராவதாக வந்த புத்தகம் 'உப்பளத்து விளக்கு'. உப்பள ஆபீசின் இரும்புப் பெட்டி காணாமல் போகிறது. அங்கே வேலை பார்ப்பவன் மீனலோசனியின் சொந்த அண்ணன். அவள் ஆபீஸ் வாசலில் ராத்திரி கோலமாவைத் தூவிவிட்டுக் காலடித் தடத்தைப் பிடிக்கிறாள். தடம் அண்ணனுடைய செருப்பைப் போலவே இருக்கிறது. அவள் உப்பு மேட்டுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். ஒரு அரிக்கேன் விளக்கு ஆடி ஆடி வருகிறது. 'விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் மீனலோசனி வாயைப் பொத்திக்கொண்டாள்.' அந்த வரியோடு அத்தியாயம் முடிகிறது. அன்றைக்குப் பொழுதும் சாய்ந்துவிட்டது. மிச்சத்தை நாளைக்குப் படிக்கலாம் என்று மூடி வைத்தாள்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. மறுநாள் காலையில் பின்கட்டு அறையில் மல்லாட்டை மூட்டைகள் குறைகின்றன என்று அப்பா கத்தினார். கொஞ்ச நாளாகவே குறைந்துகொண்டிருந்ததாம். வேறு யார், வீரம்மாள்தான் மடியில் கட்டிக்கொண்டு போகிறாள் என்று தெருவே பார்க்க அவளை நிறுத்திவைத்து ஏசினார். இனிமேல் இந்த வாசல்படி மிதிக்காதே என்றார். வீரம்மாள் அழவில்லை. மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுப் போனாள்.

 அன்றைக்கு ராத்திரி தைலம்மாள் கோலமாவு டப்பாவை எடுத்தாள். மீனலோசனி செய்ததையே செய்தாள். பின்கட்டு வாசலில் மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் மாவில் தடம் பளிச்சென்று இருந்தது. வலது கால் தடத்தில் கட்டைவிரல் பாதிதான். அந்த வீட்டில் இன்ஜின் பெல்ட் கடித்த கட்டைவிரல் ஒருவனுக்குத்தான் உண்டு. சீட்டாட்டத்துக்காக மூட்டையைக் கைமாற்றிக்கொண்டிருந்தவன் துரைக்கண்ணு.

அவள் வீட்டிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அப்புறம் தன் காலாலேயே அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தார். ஆம்பளப் பிள்ளை, ஏதோ செலவுக்கு எடுத்திருப்பான், வீட்டுப் பேச்சு வெளியே போகக்கூடாது என்று ஒரு வார்த்தை. முடிந்தது விசாரணை. வீரம்மாளைத் திரும்பக் கூப்பிடவில்லை. தொப்பியைக் கழற்ற அந்த வீட்டில் யாரும் இல்லை.

உப்பளத்து விளக்கின் மிச்சத்தைத் தைலம்மாள் படிக்காமலே வைத்திருந்தாள். வீரம்மாளை விட்டுவிட்டு முடிவைத் தான் மட்டும் தெரிந்துகொள்வது துரோகம் என்று பட்டது. என்றைக்காவது அவள் வருவாள், அப்போது சேர்ந்து படிக்கலாம். அதற்குள் போகி வந்தது. தெருப் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு கிழிந்த பாயையும் பழைய முறத்தையும் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு வீட்டுக்குள்ளிருந்து பதினோரு புத்தகத்தையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து நெருப்பில் போட்டான். பொட்டைப்பிள்ளைக்குப் போலீஸ் புத்தி வந்ததே இதனால்தான் என்றான். அப்பா பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார்கள்.

அப்புறம் கல்யாணம், பெருமுக்கல், நாற்று, களை, மாடு, மகள் சங்கவி. ஆதிநாராயணன் நல்ல மனுஷர். அதிகம் பேசமாட்டார், பேசினால் குறுக்கே பேசமாட்டார். வருஷா வருஷம் துரைக்கண்ணு வரிசை கொண்டுவந்தான், அவளும் வாங்கிக்கொண்டாள். அண்ணன் என்ற முறைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எரிந்தது எரிந்ததுதான் என்று இருந்தாள். வீரம்மாள் மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டாள். பல வருஷம் கழித்து அவள் செத்துப் போனாள் என்றும் கேள்விப்பட்டாள். திருடி என்ற பேரோடும், விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது யார் முகம் என்று தெரியாமலும் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்குத் தைலம்மாள் சோறு தின்னவில்லை.

சங்கவி படித்து முடித்து விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். மகளைப் பார்க்கப் போன ஒரு நாள், புத்தகத் திருவிழா நடக்கிறது, அங்கே மிளகாய் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்று சங்கவி கூட்டிப் போனாள். பஜ்ஜிக்காகத்தான் போனார்கள், பொய் சொல்வானேன். திரும்பும் வழியில் ஒரு கடையின் வெளிமேசையில் ரெட்டைச் சடையும் சைக்கிளும் தெரிந்தன. தைலம்மாள் நின்றுவிட்டாள். கையிலிருந்த பஜ்ஜி எண்ணெயைப் புடவையிலேயே துடைத்தாள். பழைய வரிசையை அதே அட்டைப் படத்தோடு, அதே உள்படங்களோடு மறுபதிப்பு போட்டிருந்தார்கள். முதல் இரண்டு வந்திருக்கின்றன, மிச்சமும் வரிசையாக வரும் என்றான் கடைக்காரன். அப்புறம் மரியாதையாகத்தான் கேட்டான்.

"பேத்திக்குங்களாம்மா?"

"எனக்கு" என்றாள் தைலம்மாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் அதற்கப்புறம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! திண்டிவனம் கூரியர் ஆபீஸில் சொன்னாள். மகளிர் குழுக் கூட்டத்தில் சொன்னாள். இந்த வயசில் பொம்மைப் படம் போட்ட புத்தகமா என்று கேட்ட ஓரகத்தியிடம், ஏன், நீ இந்த வயசில் சீரியல் பார்த்து அழுவது என் கண்ணுக்குத் தெரியாதா என்று சேர்த்துச் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவள் மூடவும் பார்க்கவில்லை.

ஹாலில் இருந்த ஷோகேஸிலிருந்து பீங்கான் கோப்பைகளும் பிளாஸ்டிக் பூவும் இறங்கின. மீனலோசனி ஏறினாள். புத்தகம் ஒவ்வொன்றாக வரவர, தைலம்மாள் முதலில் மோந்து பார்ப்பாள். பழைய அச்சு மையின் மண்ணெண்ணெய் வாசம் இல்லை, தாள் ரொம்ப வெள்ளை என்று குறை சொல்வாள். மூன்றாம் புத்தகத்து அட்டையில் தாவணி நீலமாக இருந்தது. அவளுக்கு நன்றாக ஞாபகம், அது பச்சை. பதிப்பகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். தங்களிடமிருந்த பழைய பிரதியில் நீலம்தான் என்று அவர்கள் சாதித்தார்கள். சாதிக்கட்டும் என்று சங்கவியின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துப் பச்சை அடித்தாள். புத்தகம் சேர்க்கிற யாராவது அதைப் பார்த்திருந்தால் நெஞ்சடைத்துச் செத்திருப்பார்கள். அவளுக்குத் தன் தாவணி தனக்கு வந்துவிட்ட திருப்தி.

பத்து வந்தது. அடுத்தது உப்பளத்து விளக்கு என்று சங்கவி போனில் பார்த்துச் சொன்னாள். நாலு நாளாகத் தைலம்மாள் அந்த ஷோகேஸையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புருஷனிடம் சொன்னாள், பதினொன்றை நான் வாங்கப் போவதில்லை என்று. அவர் புரியாமல் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கோலமாவு, அரைக் கட்டைவிரல், அப்பா கால், போகி மேளம், வீரம்மாள் மடியை உதறியது. சொல்லி முடித்துவிட்டு, "எரிச்ச கைதாங்க கொண்டாரணும். அது வரிக்கும் அந்த எடம் காலியாவே கெடக்கட்டும்" என்றாள்.

 மறுநாள் ஆதிநாராயணன் ஒரு வேப்பங்கட்டையைப் புத்தக உயரத்துக்கு அறுத்து, அதே கனத்துக்கு இழைத்து, பத்தாம் புத்தகத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். அப்படி வைக்காவிட்டால் மற்றது சாய்ந்து போகும் என்றார். பன்னிரண்டு, பதின்மூன்று என்று பிறகு வந்ததெல்லாம் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்றது.

அந்த வருஷப் போகியன்று துரைக்கண்ணு வரிசையோடு வந்தபோதுதான் முதல் கூத்து. தைலம்மாள் வாசலில் நின்று, எனக்குப் புடவை வேண்டாம், கரும்பு வேண்டாம், நீ நெருப்பில் போட்ட பதினோராம் புத்தகம் இப்போது கடையில் கிடைக்கிறது, அதை உன் கையால் வாங்கிக்கொண்டு வா, அதுதான் வரிசை என்றாள். துரைக்கண்ணு முதலில் சிரித்தான். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கதைப் புத்தகத்துக்காகப் பொறந்த வீட்டை அறுத்துக்கொள்கிறாயா என்றான். நான் அறுக்கவில்லை, வாசல் திறந்துதான் இருக்கிறது, வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும் என்றுதான் சொல்கிறேன் என்றாள். அவன் மீசை துடித்தது. அவள் மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஏற்றச் சொன்னதும், முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்தான்.

மறுவருஷம் அவன் வரவில்லை. வண்டியை மட்டும் அனுப்பினான், புடவை போன தடவையைவிட உசத்தி. மஞ்சள் இறங்கியது, மிச்சம் திரும்பியது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறாள் என்று ஊர் பேசியது. நாளைக்கு இவள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று ஓரகத்தி கவலைப்பட்டாள். ஆதிநாராயணனுக்கு மச்சான்மேல் பிரியம். பொங்கலுக்குப் பொங்கல் இரண்டு பேரும் மாட்டைப் பற்றியே பேசிப் பொழுதைக் கழிப்பார்கள், அது இல்லாமல் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

கஷ்டம் தைலம்மாளுக்கும் இல்லாமல் இல்லை. அடுத்த புத்தகத் திருவிழாவில் உப்பளத்து விளக்கு கண்ணெதிரே அடுக்கி வைத்திருந்தது. அவள் எடுத்தாள். பின்னட்டையைப் படித்தாள். கட்டைவிரல் தானாகவே பக்கங்களுக்குள் போகப் பார்த்தது. இரண்டு நிமிஷம் புரட்டினால் போதும், அந்த முகம் யாருடையது என்று தெரிந்துவிடும். வீட்டில் யாருக்குத் தெரியப் போகிறது? அவளுக்குத் தெரியுமே. புத்தகத்தை வைத்த இடத்திலேயே வைத்தாள். அதைச் சங்கவி பார்த்துவிட்டாள்.

"ம்மா, கொஞ்சம் காப்பிதான் கீதாம். வித்துட்டா மறுபடி போட மாட்டாங்களாம். நான் வாங்கி வெச்சிக்கிறேன், மாமா வந்து குடுக்கறப்ப குடுக்கட்டும்."

"நீ வாங்குனா அது நீ வாங்குனது" என்றாள் தைலம்மாள்.

தெரியாமலே செத்துப் போவாய் என்றாள் சங்கவி, கோபத்தில். வீரம்மாளும் தெரியாமல்தான் செத்தாள், துணைக்கு நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பஜ்ஜிக் கடைப் பக்கம் நடந்தாள்.  அன்றைக்கு பஜ்ஜி இறங்கவில்லை.

மூன்றாம் வருஷம் போகி. தெருவில் விடியலிலேயே கொளுத்தி முடித்திருந்தார்கள், சாம்பல் மேட்டுக்குள் தணல் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. குட்டியானை வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து துரைக்கண்ணுவே இறங்கினான். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. இரண்டு வருஷமாக, தங்கச்சி உன் வரிசையை ஏன் திருப்புகிறாள் என்று ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து டீக்கடை வரைக்கும் கேட்டுக் கேட்டு அவனைப் பேஜார் பண்ணியிருந்தார்கள். அப்படிப்பட்டவன் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே வருகிறான்.

மஞ்சப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தான். அட்டையில் அரிக்கேன் விளக்கு, உப்பு மேடு, ரெட்டைச் சடை.

"இந்தா தைலு, நீ கேட்டது. விழுப்புரத்துக்கு நானே போயி, என் கையாலயே வாங்கியாந்தேன். பேத்திக்கான்னு கேட்டான் கடைக்காரன். ஆமான்னுட்டேன்."

தைலம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கோலத்தை விட்டுவிட்டு நின்றார்கள். ஆதிநாராயணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், மச்சானைக் கட்டிப்பிடிக்கிற சந்தோஷம் அவருக்கு. துரைக்கண்ணு புத்தகத்தை நீட்டினான், ஆனால் விடவில்லை. அவனுக்கு இன்னும் சொல்ல இருந்தது.

"முச்சூடும் படிச்சிட்டேன். நீ இன்னா நெனச்சிக்கினு என்னை இழுத்தடிச்சேன்னு தெரியும். ஆனா இதுல அண்ணங்காரன் திருடல. கணக்குப்புள்ளதான் திருடன், விளக்கு எடுத்துக்கினு வந்தது அவன்தான். கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு அண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்குது. நீயே பாரு."

 ஆதிநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அடப் பாவி மச்சான், அதச் சொல்லிட்டியா?" என்றார்.

நாற்பது வருஷம். ஒரு திருட்டுப் பார்வைகூடப் பார்க்காமல், கைக்கு எட்டியதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவள் காத்திருந்த முகம் அது. அதை வாசல்படி தாண்டுவதற்குள் போட்டு உடைத்துவிட்டான். அன்றைக்கு நெருப்பில் போட்டதே தேவலை, அப்போதாவது முடிவு மிச்சம் இருந்தது. தைலம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வண்டியிலிருந்து ஒரு கரும்பை உருவி அவனை நாலு சாத்து சாத்தினால் என்ன என்று தோன்றியது. அவனோ இன்னும் அந்த நீட்டிய கையோடு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். என்ன செய்தோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் ஷோகேஸுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் மீனலோசனி வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கிருந்து ஆரம்பித்தாள், வாய்விட்டு. முறத்துக்கு எதிரே உட்கார்ந்து படித்தாளே, அதே குரலில், அதே நிதானத்தில். முடிவு தெரிந்தால் என்ன? வீரம்மாளுக்குத் தெரியாதே.

துரைக்கண்ணுவுக்கு உட்காருவதா நிற்பதா என்று புரியவில்லை. உலையில் சோறு வெந்தது, ஆதிநாராயணனே போய் வடித்தார். வண்டிக்காரன் கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பீடி குடிக்கப் போனான். கணக்குப்பிள்ளை ஓடினான், பிடிபட்டான், போலீஸ்காரர்கள் வந்து தொப்பியைக் கழற்றினார்கள். கடைசிப் பக்கத்தில் மீனலோசனி அண்ணனிடம் மன்னிப்பு கேட்டாள். அண்ணன் அவள் சடையைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். முற்றும் என்பதையும் தைலம்மாள் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதை மறைக்கவும் இல்லை.

"பாத்தியா?" என்றான் துரைக்கண்ணு. அவன் எதற்காக இவ்வளவு தூரம் வந்தானோ அது இப்போது வரும் என்று காத்திருந்தான்.

தைலம்மாள் எழுந்து நின்றாள்.

"பாத்தேன். மீனலோசனி தப்பாக் கண்டுபுடிச்சா, மன்னிப்பு கேட்டா. நான் சரியாத்தாண்ணா கண்டுபுடிச்சேன்."

அவன் தெம்பு அப்படியே இறங்கியது.  கீழே குனிந்து தன் வலது காலைத்தான் பார்த்தான். வாசலில் நின்ற பெண்கள் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

அவள் சொன்ன சொல்லிலிருந்து மாறுகிறவள் இல்லை. எரித்த கை கொண்டுவந்தது, ஆகவே வரிசையை ஏற்றுக்கொள்ள வேண்டும். கரும்பையும் பானையையும் உள்ளே வைக்கும்படி வண்டிக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னாள். புடவையைப் பிரித்துப் பார்த்து, கலர் பரவாயில்லை என்றாள். அப்புறம் புத்தகத்தை அண்ணன் கையில் கொடுத்து, அதன் இடத்தில் நீயே வை என்றாள். இடத்தைத் தேட வேண்டியதில்லை. துரைக்கண்ணு வேப்பங்கட்டையை உருவிவிட்டு, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே புத்தகத்தைச் செருகினான்.  இரண்டாம் தடவைதான் சரியாக நின்றது.

கட்டை அவன் கையிலேயே இருந்தது. இதை என்ன பண்ணுவது என்று மெதுவாகக் கேட்டான்.

"வாசல்ல போகித் தணலு இன்னும் அணையல" என்றாள் தைலம்மாள். "எரிக்கறது உனக்குப் பழக்கம்தான, எடுத்துக்கினு போயி அதுல போடு. போட்டுட்டுக் கை கழுவிக்கினு வா, சோறு ஆறுது."